ஐந்துக்கு ஐந்து

2024 மார்ச் கடைசியில் எனக்கு வெப்பப் பரிமாற்றத் தேர்வில் ஐந்து வந்தது. பல்கலைக்கழகத் தளத்தில் '5,0' என்று எழுதியிருந்தது. ஜெர்மானியர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். அன்று இரவு அப்பா அழைத்தார்.

"ரிசல்ட் வந்துவிட்டதா பாப்பா?"

"வந்துவிட்டது அப்பா."

"எவ்வளவு?"

"ஐந்து."

"எத்தனைக்கு?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி அவகாசம் இருந்தது. அந்த நொடியில் நான் சொன்னது: "ஐந்துக்கு மேல் இங்கே கிடையாது அப்பா."

அதுவும் உண்மைதான். ஜெர்மனியில் 1,0 என்றால் மிக நன்று. 4,0 என்றால் ஏதோ தேறிவிட்டாய். 5,0 என்றால் தேறவில்லை. அதற்குக் கீழே விழ இடமில்லை என்பதால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அப்பா போனை வைக்காமலேயே அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஐந்துக்கு ஐந்தாம்!" என்று அம்மாவிடம் கத்தினார். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. நான் படுக்கையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளுக்குள் செய்தி தெருமுனை வரை போய்விட்டது. கோயில் குருக்கள் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தாராம். மூன்றாம் வீட்டு அத்தை தன் பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, "பார், ஜெர்மனியில் போய் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறாள்" என்றாராம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் இதற்காக என்னை வெகுநாள் மன்னிக்க மாட்டான்.

*

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிர்க்கடன், நகைக்கடன், தள்ளுபடி, மறு அடகு என்று முப்பது ஆண்டுகள் பிறருடைய கடனை எழுதியவர், முதல் முறையாகத் தன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது எனக்காகத்தான். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது.

"ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான் ஊரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி. ஃபீஸ் இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அந்த மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. என் பல்கலைக்கழகம் எல்ப நதிக்கரையில், பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் இருக்கிறது. அங்கே பருவத்துக்கு ஒரு முறை நிர்வாகப் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை மட்டும்தான்.

"சும்மா சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் எங்கேயோ இடிக்கிறதே" என்றார் அப்பா. இடித்த இடம் பிளாக்டு அக்கவுன்ட். ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. நான் போன 2023-இல் அந்தத் தொகை 11,208 யூரோ. ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 934 யூரோ என்று பிரித்துப் பிரித்து விடுவிப்பார்கள். இதை அப்பாவுக்கு விளக்க இரண்டு மாலைகள் ஆயின.

"நம் பணத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மாதாமாதம் நாமே சம்பளம் மாதிரி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தானே?"

"அப்படித்தான் அப்பா."

சற்று நேரம் யோசித்தார். அவருக்குள் இருந்த சங்கத்து எழுத்தர் விழித்துக்கொண்டார். "நல்ல முறைதான். இப்படி ஒரு ஏற்பாடு நம் சங்கத்தில் இருந்திருந்தால் பாதி வாராக்கடன் வந்திருக்காது."

இதற்கு முன்னால் ஏ.பி.எஸ். சான்றிதழ் என்று ஒன்று. என் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் அசல்தான் என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் தாள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். அப்போது கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரியில் நான் எடுத்தது பத்துக்கு 8.4. பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம்முடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சிக் கோடு ஐந்து என்று வைத்துப் பார்த்தால் என் 8.4 சுருங்கி 1.96 ஆகிவிட்டது. அந்தக் கணக்கை நான் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் பின்னால் ஐந்து என்று சொன்னபோது மனிதர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

*

பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. தமிழர்கள் முன்னெழுத்தோடு நிம்மதியாக இருக்கிறோம். உலகம் அந்த ஓர் எழுத்தை விரித்துத் தா என்கிறது. விரித்தால் என்ன ஆகும் என்பது ஜெர்மனியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அலுவலகங்களும் காப்பீட்டு நிறுவனமும் விடுதி மேலாளரும் என்னை 'ஃப்ராவ்', அதாவது திருமதி, போட்டு அப்பாவின் பெயரால்தான் அழைத்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லாமல் வாரங்கள் போயின. தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் வராது என்பதால், விடுதி வாசலில் முப்பது பெட்டிகளுக்கு நடுவே அப்பாவின் பெயரை நானே எழுதி ஒட்டினேன். முகவரி பதிவு செய்த சில வாரங்களில் அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம் ஒலிபரப்புக் கட்டணம்: மாதம் 18 யூரோ 36 சென்ட். டி.வி. இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை, வீடு என்று ஒன்று இருந்தால் கட்ட வேண்டும். விடுதிக்குள் எங்கள் பகிர்வு வீட்டில் மூன்று பேர் இருந்தோம், ஆளுக்கு ஆறு யூரோ சொச்சம் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பு, நான்கு நிறக் குப்பைத்தொட்டி, காலி பாட்டிலுக்குத் திரும்பக் கிடைக்கும் 25 சென்ட் பற்றியெல்லாம் போனவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். குளிரைப் பற்றியும். குளிர் ஒரு கோட்டு வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம். எனக்கு வாய்த்த சங்கடம் வேறு.

நான் படித்த கல்லூரியில் மாணவிகள் விடுதிக்கு மாலை ஆறரை மணிக்குப் பூட்டு விழும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அகமதிப்பீட்டுத் தேர்வு மூன்று, ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், துறைத் தலைவர் கையெழுத்து. நான்கு ஆண்டுகளும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏன் வரவில்லை, எங்கே போனாய், யாருடன் போனாய், ஏன் எழுதவில்லை. அங்கிருந்து வந்த ஒருத்திக்கு ஜெர்மனியில் முதல் மாதம் எப்படி இருந்திருக்கும்! நூலகம் நள்ளிரவு வரை திறந்திருந்தது. வருகைப் பதிவு கிடையாது. பாடத்துக்குப் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். பருவம் முழுவதற்கும் கடைசியில் ஒரே ஒரு தேர்வு. அதற்குக்கூட நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மறந்துவிட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். கேட்க ஆளில்லை என்று தோழிக்குக் குரல்பதிவு அனுப்பினேன். அந்தக் குரலில் இருந்த குதூகலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டிசம்பரில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது அதே சொற்றொடர் வேறு பொருளில் திரும்பி வந்தது. நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. கதவுக்கு வெளியே விடுதித் தோழிகள் நடக்கும் சத்தம். கதவு மூடியிருந்தால் தட்டக்கூடாது என்பது இங்கே மரியாதை. அவர்கள் மரியாதையாக இருந்தார்கள். உண்மையாகவே கேட்க ஆளில்லை.

*

பாடம் நடக்கும் அரங்கத்தை ஜெர்மனில் 'ஹோர்சால்' என்கிறார்கள். கேட்கும் கூடம் என்று பொருள். பாடத்துக்குப் பெயர் 'ஃபோர்லேசுங்', எதிரே நின்று வாசித்துக்காட்டுவது. அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்துப் பெயர்கள், இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்பது மணி வகுப்பு என்று போட்டு, பக்கத்தில் 'சி.டி.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் ஒன்பதே காலுக்குத்தான் தொடங்கும். லத்தீனில் 'நேரத்துடன்' என்று அர்த்தமாம். இது தெரியாமல் முதல் வாரம் நான் கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து, வகுப்பு ரத்தாகிவிட்டது என்று எழுந்து போயிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். பேராசிரியர் மேல் ஏதோ கோபம் போல என்று நினைத்தேன். அதுதான் இங்கே கைதட்டல்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எங்கள் பேராசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு, "கேள்விகள்?" என்பார். ஒப்புக்குக் கேட்பதில்லை. ஒரு முழு நிமிடம் காத்திருப்பார். என் முன்வரிசையில் தெஹ்ரானிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். முந்தின வகுப்பில் நடத்தியதையே கேட்பாள். பள்ளிக்கூடத்துக் கணக்கைக் கேட்பாள். "மன்னிக்கவும், அந்த மூன்றாவது வரி எனக்கு இன்னும் புரியவில்லை" என்று அதே மூன்றாவது வரிக்குத் திரும்பி வருவாள். எனக்கு அவளுக்காக வெட்கமாக இருந்தது. என் நோட்டில் அந்த மூன்றாவது வரி அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எனக்கும் அது புரியவில்லை.

வாரம் ஒரு முறை பேராசிரியரை அறையில் போய்ப் பார்க்க 'ஷ்ப்ரெக்ஷ்டுண்ட' என்று ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். பேசும் நேரம். அதுவரை நான் ஓர் ஆசிரியரின் அறைக்குப் போனதெல்லாம் கையெழுத்து வாங்கவும் திட்டு வாங்கவும்தான். பாடத்தில் சந்தேகம் என்று போய் நிற்பது, நான் மக்கு என்று எழுதிக் கையொப்பமிடுவது போலத் தோன்றியது. இங்கே நான் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

*

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆசியக் கடை இருக்கிறது. முருங்கைக்காய், உறைந்த தேங்காய்த் துருவல், சிவப்பரிசி மா, வல்லாரை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் மாமா என்பேன், அவர் பிள்ளை என்பார். முதல் நாள் நான் தமிழில் பேசியதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "பிள்ளை எந்த ஊர்? சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். கேட்டார்! அன்று கொஞ்சம் அதிகமாகவே மளிகை வாங்கிவிட்டேன்.

அவர் 1985-இல் வந்தவர். அப்போது இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு வழி கிழக்கு பெர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி அவர்களை விசா கேட்டு நிறுத்தாமல் கடந்து போக விட்டது. ஃப்ரீட்ரிக் தெரு நிலையத்தில் நகர ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். பெர்லினைப் பிரித்த கோடு ஓர் எல்லை என்றே மேற்குத் தரப்பு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் சோதனைச் சாவடி இல்லை. பெர்லின் சுவருக்குள் இப்படி ஓர் ஓட்டை இருந்தது. சொந்த மக்களைச் சுட்டுத் தடுத்த சுவர், யாழ்ப்பாணத்துப் பையன்களை ரயிலேற்றி அனுப்பியது. மேற்கு ஜெர்மனி கொடுத்த அழுத்தத்தில் அந்த வழி பிறகு அடைபட்டது.

"இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஓடினேன். இப்போது பாருங்கள், இந்தப் பக்கமே வந்து கடை போட்டிருக்கிறேன்" என்று சிரித்தார். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் போய்விடுவார். 2002-இல் கோபுரத்தோடு எழும்பிய கோயில் அது.

அவரிடம் ஒரு நாள், வந்த புதிதில் எப்படிச் சமாளித்தீர்கள் என்றேன். "எங்களிடம் எல்லாரும் கேட்டார்கள் பிள்ளை. ஏன் வந்தாய், எப்படி வந்தாய், எப்போது திரும்பிப் போவாய். அதிகாரி கேட்பான், மொழிபெயர்ப்பாளன் கேட்பான். திரும்பத் திரும்ப அதே கேள்வி. சொன்னதையே நம்பவில்லை. யாரும் கேட்காமல் ஒரு நாள் இருந்தால் போதும் என்று கிடந்தோம்" என்றார். பிறகு வெங்காய மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். என் 'கேட்க ஆளில்லை' எவ்வளவு வசதியான துக்கம் என்று வீடு வரும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. அதற்காக அது குறைந்துவிடவும் இல்லை.

*

முதல் ஐந்துக்குப் பிறகு நான் பொட்டலக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ 41 சென்ட். வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்று இருந்ததை அந்த மார்ச்சில்தான் 140 ஆக்கியிருந்தார்கள். அதிகாலை நான்கு மணிப் பணியில், வரிசையாக வந்த பெட்டிகளை அஞ்சல் எண் பார்த்துப் பிரித்தேன். வேலையால்தான் படிக்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. தேதியைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. முதல் தேர்வில் தோற்ற பிறகுதான் வேலைக்கே போனேன்.

செப்டம்பரில் இரண்டாம் முறை எழுதினேன். மறுபடியும் 5,0.

ஊரில் அரியர் என்றால் அவமானம்தான், ஆனால் ஆபத்தில்லை. கட்டணம் கட்டிக் கட்டி எழுதிக்கொண்டே இருக்கலாம். எங்கள் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டில் வந்து முதல் ஆண்டுக் கணக்கை எழுதிய அண்ணன்கள் உண்டு. இங்கே எங்கள் விதியில் மூன்று முறைதான். மூன்றாவதும் போனால் 'இறுதியாகத் தேறவில்லை' என்று ஒரு கடிதம் வரும். பல்கலைக்கழகப் பதிவு நீங்கும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நான் இங்கே தங்கும் அனுமதியே படிப்புக்காகக் கொடுத்தது. படிப்பு போனால் அதுவும் ஆட்டம் காணும். அந்த ஒரு பாடத்தின் பின்னால் எங்கள் வீட்டுப் பத்திரம் நின்றுகொண்டிருந்தது.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் இருக்கப் பிடிக்காமல் ஹாலேவுக்கு ரயில் ஏறினேன். 49 யூரோ மாதச் சீட்டு வைத்திருந்ததால் நாடு முழுக்க மெதுவான ரயில்களில் எங்கும் போகலாம். ஹாலேயில் பிராங்கே நிறுவனங்கள் என்று ஒரு பழைய வளாகம். 1698-இல் ஓர் அனாதை இல்லமாகத் தொடங்கியது. அங்கே தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்று கடைக்கார மாமா சொல்லியிருந்தார். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர் ஹாலே. தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். பள்ளிச் சுற்றுலாவில் டேனிஷ் கோட்டையையும், அவரை அடக்கம் செய்த 1718-ஆம் ஆண்டுத் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு மணலில் கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறோம். வெள்ளைக்காரர், அச்சுக்கூடம், தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. அவ்வளவுதான் எனக்கு அவர்.

அவர் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். மறுநாள் அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைந்தது. எனக்கும் அப்போது இருபத்து நான்கு. ஊர் மக்களில் பெரும்பாலோருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகியிருக்கிறார். படித்த பாதிரியார் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறார். தெஹ்ரான்காரி என் நினைவுக்கு வந்தாள்.

எனக்கு அவரைவிட அதிகம் பிடித்துப்போனவர் மலையப்பன். 1714-இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது உடன் வந்த தமிழ் இளைஞர். கடற்பயணத்தில் எழுதிய தமிழ் இலக்கணத்துக்கு உதவியவர். 'கிராமாட்டிகா தமுலிகா' என்று லத்தீனில் இருந்த அந்த நூல் 1716-இல் இதே ஹாலேயில் அச்சானது. மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் எங்கள் கடற்கரையிலிருந்து ஒருவர் இந்தக் குளிருக்குள் வந்து, தன் மொழியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் யாரிடம் எதைக் கேட்டிருப்பார்? நீண்ட மரச்சட்டகக் கட்டடங்களுக்கு நடுவே நின்று அதைத்தான் யோசித்தேன். நான் வந்த பருவத்தில் ஜெர்மனியில் இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். சீனர்களைத் தாண்டி முதலிடம். மலையப்பனுக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆசியக் கடைகூட இல்லை.

இதனால் மனம் மாறித் திங்கட்கிழமையே பேராசிரியரைப் பார்த்தேன் என்று எழுதினால் கட்டுரை லட்சணமாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. திரும்பும் ரயில் ரத்தானது, இரண்டு மணி நேரம் நடைமேடையில் நடுங்கினேன், வந்து படுத்துத் தூங்கிவிட்டேன். மேலும் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை.

*

கடைசியில் என்னை நகர்த்தியது ஒரு மின்னஞ்சல். திருத்திய விடைத்தாளை வந்து பார்க்கலாம் என்ற பொது அறிவிப்பு. 'ஐன்சிக்ட்' என்பார்கள். தேர்வு எழுதியவர் எவரும் தன் தாளைப் பார்க்கலாம், ஏன் மதிப்பெண் போனது என்று கேட்கலாம். முதல் முறையும் இதே அறிவிப்பு வந்தது. தோற்றவர்கள் வரிசையில் போய் நிற்க வெட்கப்பட்டு அழித்துவிட்டேன்.

போனால், அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தேறியவர்கள். 1,7 வாங்கிய ஒரு ஜெர்மன் பையன் அரை மதிப்பெண்ணுக்கு வாதாடிக்கொண்டிருந்தான்.

என் தாளை உதவியாளர் விரித்தார். முதல் கேள்வி: ஒரு சிறிய எஃகுக் குண்டு காற்றில் குளிர்கிறது. அதன் உள்ளே எல்லா இடத்திலும் வெப்பநிலை ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? காரணம் கூறு. நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். வெப்பக் கடத்தல் சமன்பாட்டை அடியிலிருந்து தருவித்து, எல்லை நிபந்தனைகள் போட்டு, அடிக்கோடிட்டு, பெட்டி கட்டி. பிழை இல்லை. மதிப்பெண் பூஜ்யம்.

"இதெல்லாம் சரி. ஆனால் கேட்டது இது இல்லையே" என்றார் உதவியாளர். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. நீங்கள் ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை."

நான் பதினாறு ஆண்டுகள் படித்த பள்ளிகளிலும் கல்லூரியிலும், தெரிந்ததையெல்லாம் எழுதினால் ஏதாவது விழும். பக்கத்தைப் பார்த்துப் போடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. கூடுதல் தாள் கட்டாமல் எழுந்தால் தேர்வு எழுதிய நிறைவே வராது. சின்ன வயதில் நான் சுற்றி வளைத்தால் அப்பா சொல்வார்: "கேட்டதற்குப் பதில் சொல்." வீட்டில் இருந்த அந்த விதியைத் தேர்வு அறைக்கு நான் கொண்டு போனதே இல்லை.

அந்த வாரம் பேசும் நேரத்துக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. எனக்கு முன்னால் தெஹ்ரான்காரி உள்ளே இருந்து வெளியே வந்தாள். "நீயுமா? நல்லது" என்றாள், மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்கள் போல. நான் பேராசிரியரிடம் அந்த மூன்றாவது வரியைக் கேட்டேன். ஓராண்டுக்கு முன் நோட்டில் எழுதிய அதே வரி. அவர் ஒரு தாளை இழுத்து உருளைக்கிழங்கு ஒன்றை வரைந்தார். அவித்து எடுத்தால் மேல்தோல் ஆறிவிடும், நடுவே சுடும். வெப்பம் உள்ளிருந்து வெளியே வர எவ்வளவு சிரமப்படுகிறது, மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போக எவ்வளவு சிரமப்படுகிறது, இரண்டையும் ஒப்பிடும் எண்தான் பியோ எண். அது 0.1-க்குக் கீழே இருந்தால் உள்ளே வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். எஃகுக் குண்டுக்கு அப்படி. உருளைக்கிழங்குக்கு முடியாது.

அவர் உருளைக்கிழங்கு வரைந்தார், எனக்குத் தெரிந்தது கொழுக்கட்டை. பிள்ளையார் சதுர்த்தி அன்று வெளியே ஆறிவிட்டதே என்று கடித்து, உள்ளே வெல்லப் பூரணத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டது எத்தனை முறை! பியோ எண்ணை அப்போதே கண்டுபிடித்திருக்கலாம் போலிருக்கிறது. இருபது நிமிடம் இருந்தேன். முடிந்ததும் "அடுத்த வாரமும் வாருங்கள்" என்றார். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும்.

*

அப்பாவிடம் சொன்னது தீபாவளி முடிந்த ஞாயிறு. அவர் திண்ணையில் இருந்தார். பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, அந்த ஐந்து நல்ல மார்க் இல்லை. ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில்."

பேப்பர் சத்தம் நின்றது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: ஒன்று முதல் ஐந்து வரையிலான கணக்கு, மூன்று தடவை விதி, கடிதம், விசா. அவர் இடைமறிக்கவே இல்லை. முடித்த பிறகு வெகுநேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை.

"மூன்றாம் தடவைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றார்.

"எதற்கு அப்பா?"

"அரியர் ஃபீஸ்."

"அதெல்லாம் இல்லை. பதிவு செய்தால் போதும்."

"இல்லையா?" குரலில் அப்பட்டமான வியப்பு. "ஃபெயில் ஆனவர்களிடம்கூடப் பணம் வாங்குவதில்லையா?" சங்கத்து எழுத்தரால் இதைத் தாங்க முடியவில்லை என்று தெரிந்தது. பிறகு மெதுவாக, "ஏன் பாப்பா அப்போதே சொல்லவில்லை?" என்றார்.

"நீங்கள் எத்தனைக்கு என்றுதானே கேட்டீர்கள்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "குருக்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அர்ச்சனை செய்துவிட்டார், பாவம். ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும்" என்றார்.

2025 பிப்ரவரியில் மூன்றாம் முறை எழுதினேன். கூடுதல் தாள் வாங்கவில்லை. முதல் கேள்விக்கு என் பதில் மூன்றே வரி, கடைசி வரி "ஆகவே எடுத்துக்கொள்ளக் கூடாது". இந்த முறை குண்டு கண்ணாடி. மூன்று வாரம் கழித்து, அப்பாவின் பெயருக்குக் கீழே 2,7 என்று வந்தது. போன் செய்தேன்.

"இரண்டு புள்ளி ஏழு அப்பா."

"இரு, இரு. இது மேலேயா கீழேயா?"

"தேறிவிட்டேன்."

அவர் அம்மாவைக் கூப்பிட்ட சத்தம் சென்ற முறையைவிடப் பெரியதாக இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. திறந்த சன்னல் வழியே செய்தி மூன்றாம் வீட்டுக்குப் போனது. அன்று மாலையே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐந்து வாங்கிய பிள்ளை, இரண்டே முக்காலுக்கு இறங்கிவிட்டதாமே. மனதை விட்டுவிடாதே, குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. அடுத்த தடவை பழையபடி ஐந்து வாங்கிவிடுவாள்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம்.